ஞாயிறன்று ஓயும் இயந்திரம்

நுகுஅலோஃபா
பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த நாள்வரை நம்மை விட்டுவைத்த ஆண்டவருக்கு நன்றி. நான் நலம். நீங்களும் ஓஃபாவும் நலமா? சைமோனே அத்தானின் முழங்கால் எப்படி இருக்கிறது? படகில் ஏறி இறங்கும்போது பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வேலை கிடைத்துவிட்டது. அத்தான் வேலை செய்கிற அதே லிசியாதேயின் மொத்தக் கடையில்தான். இனி அவருடைய விற்பனைக்காரர்கள் எல்லாரும் ஃபோனில் எழுதப் போகிறார்கள். எந்தக் கடைக்கு எத்தனை பெட்டி மாவு, எத்தனை பெட்டி டப்பா மாட்டிறைச்சி, எது கடன், எது ரொக்கம். ஃபோன்களில் எழுதுவதெல்லாம் வந்து சேர ஓர் இடம் வேண்டும். அதுதான் சர்வர். அதை அமைப்பது என் பொறுப்பு.

வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். நிறைய மெமரி. இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒன்று போனாலும் மற்றது தாங்க. கரண்ட் போனால் சமாளிக்க யுபிஎஸ். ஏசி. பூட்டுகிற கதவு. எங்கிருந்தாலும் ஃபோன்கள் தேடிவர, மாறாத இன்டர்நெட் முகவரி ஒன்று. கடல் காற்று படாத அறை.

லிசியாதே தாளைத் தூக்கிப் பிடித்துப் படித்தார்.

"கடல் காத்து படாத எடம் டோங்காவுல எங்கடா இருக்கு? பைபிளுக்குள்ள வெச்சாக்கூட உப்புப் பூக்குது."

"முடிஞ்சவரைக்கும்தான் ஐயா."

"ரெண்டு டிஸ்க் எதுக்கு? நான் ஒரே பொண்டாட்டியோட முப்பது வருஷம் ஓட்டலையா?"

கடைசியில் கிடைத்தவை: ஆக்லாந்திலிருந்து அவர் மருமகன் அனுப்பிய பழைய இயந்திரம், ஒரு டிஸ்க், ஒரு யுபிஎஸ். இறைச்சி உறைபெட்டிகள் இருக்கிற அறையின் மூலை. குளிர்ச்சி இருக்கிறது. வாடையும் இருக்கிறது.

இரண்டாவது டிஸ்க் இல்லாததால் வேறு ஏற்பாடு செய்திருக்கிறேன். வாரம் ஒருமுறை, எல்லாவற்றையும் வெளியே ஒரு சின்ன டிஸ்கில் அது தானாகவே நகலெடுத்துக்கொள்ளும். ஞாயிறு விடியற்காலையில். அப்போது யாரும் எதையும் விற்பதில்லை. கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து வை என்றுதான் பல்கலைக்கழகத்தில் சொல்லித் தந்தார்கள்.

அத்தானுக்கு ஒரு ஃபோன் இந்தப் படகிலேயே வருகிறது. உங்கள் குட்டி ஓஃபாவிடம் விளையாடக் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் தம்பி,
கெலெபி


உயிஹா
மார்ச் 9

அன்புத் தம்பி கெலெபிக்கு,

கடவுள் கிருபையால் வீட்டில் எல்லாரும் சுகம். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? உறைபெட்டி அறையில் உட்கார்ந்து சளி பிடித்துக்கொள்ளாதே.

நீ எழுதினாயே என்று சந்தோஷம். ஃபோனில் பேசினால் நாம் இருவரும் கூச்சத்தில் இருமிக்கொண்டுதான் இருக்கிறோம். நீ பையன்கள் குடிசைக்குப் படுக்கப் போன வயதிலிருந்து நாம் ஒரே அறையில் உட்கார்ந்ததில்லை. அக்கா தம்பி அப்படித்தான் இருக்க வேண்டும், குறை சொல்லவில்லை. ஆனால் தாள் என்றால் பழக்கம். தவிர, இங்கே சிக்னல் நினைத்தால் வரும், நினைத்தால் போகும்.

உன் அத்தான் ஃபோனை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, பையை ஒரு பிஸ்கெட் தகரத்தில் வைத்து, தகரத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் படகில் உட்காருகிறார். நேற்று விகாவின் கடையில் நானும் கூட இருந்தேன்.

"என்ன சைமோனே, ஆள் மூஞ்சியப் பாக்காம கண்ணாடியவே தேய்ச்சிட்டிருக்க?"

"உன் கடனத்தான் தேய்க்கிறேன். தேய்க்கத் தேய்க்கப் பெருசாவுது."

விகா துடைப்பத்தை எடுத்தாள். அவர் தகரத்தோடு ஓடினார். முழங்கால் நலம் என்பதற்கு இதுதான் சாட்சி.

ஒன்று கேட்கச் சொன்னார். கடைக்காரர்கள் கையெழுத்துப் போடுகிற கார்பன் புத்தகத்திலும் சேர்த்து எழுதட்டுமா, அல்லது ஃபோன் போதுமா? இரண்டிலும் எழுதினால் அலையில் நேரமாகிறது என்கிறார். நீ சொல்கிறபடி செய்வார்.

ஓஃபா உனக்கு ஒரு மீன் வரைந்திருக்கிறாள். பன்றி மாதிரி இருக்கும். மீன்தான்.

உன் அக்கா,
லெசியேலி


நுகுஅலோஃபா
ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

மழை விட்டுவிட்டது. ஆண்டவர் இந்த வருஷம் புயலை வேறு பக்கம் அனுப்பிவிட்டார். எனக்குச் சுகம். நீங்கள் மூவரும் நலமென நம்புகிறேன். மீன் கிடைத்தது. அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

அத்தானிடம் சொல்லுங்கள்: புத்தகம் வேண்டாம். அதைத் தூக்கி அடுப்பில் போடலாம். படகு பாங்காய்த் துறைக்கு வந்து சிக்னல் கிடைத்ததும் ஃபோன் எல்லாவற்றையும் இங்கே அனுப்பும். 'வந்தது' என்று சர்வர் பதில் சொல்லும். அதன் பிறகு ஃபோன் தன்னிடம் இருப்பதை அழித்துவிடும். மலிவு ஃபோன்கள், இடம் குறைவு, அதனால் அப்படி அமைத்தேன். 'வந்தது' என்று பார்த்துவிட்டால் அவர் நிம்மதியாக இருக்கலாம். அந்தக் கேள்வியை லிசியாதேயிடம் சொல்லிச் சிரித்தேன். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

லிசியாதே பற்றி ஒன்று. சனிக்கிழமை கடை மூடியதும் அவரே போய் மெயின் சுவிட்சை அணைப்பார். உறைபெட்டிகளுக்குத் தனி லைன். மற்றது எதுவும் திங்கள் விடியும்வரை அவர் கூரைக்குக் கீழ் ஓடக்கூடாது. சபை மூப்பர் அல்லவா. முதல் சனிக்கிழமை யுபிஎஸ் கீச்சிட ஆரம்பித்ததும் எனக்கு ஆள் அனுப்பினார்.

"உன் பெட்டி அழுவுதுடா. ஓய்வு நாளுக்கு ஓயமாட்டேங்குது."

"அத மொதல்ல முறையா அணைக்கணும் ஐயா. அப்பறம்தான் மெயின்."

"சொல்லிக்குடு. நானே பண்றேன். கழுதையும் ஓயணும்னு எழுதியிருக்கு, இது என்ன கழுதைய விடப் பெருசா?"

எந்தப் பொத்தான், எத்தனை நேரம் அழுத்த வேண்டும், விளக்கு அணையும்வரை காத்திருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். ஒரு வாரம்கூடத் தவறாமல் செய்கிறார். அணைத்த பிறகு அதன் தலையில் தட்டிக்கொடுக்கிறார்.

அத்தானுக்கு என் அன்பு.

கெலெபி


உயிஹா
ஜூன் 14

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். அதற்கு நன்றி. நீ நலமா?

எழுதத் தாமதம். சைமோனேயின் பெரியப்பா இறந்துபோனார். உனக்குத் தெரியும், அவர்தான் இவரை வளர்த்தவர். ஒரு வாரம் வீட்டில் அடுப்பு அணையவில்லை. பாங்காயிலிருந்தும் வவாவுவிலிருந்தும் ஆட்கள். வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தனுப்ப வேண்டும். எங்கள் பங்குக்கு டப்பா மாட்டிறைச்சிப் பெட்டிகள் வைத்தோம். நல்ல உயரமாகவே அடுக்கியிருந்தது. பார்த்தவர்கள் பார்த்தார்கள். சைமோனே தலை குனியாமல் உட்கார முடிந்தது.

அடுத்த நாளே அவர் படகில் கிளம்பிவிட்டார். துக்கப் பாயை இடுப்பில் கட்டிக்கொண்டே கடை கடையாகப் போனார். 'வந்தது' என்று ஃபோன் சொல்வதை எனக்குக் காட்டுகிறார். எதையோ வேட்டையாடிவிட்டு வந்தவர் மாதிரி.

கார்பன் புத்தகத்தை அடுப்பில் போடவில்லை. மிச்சத் தாள்களில் ஓஃபா வரைகிறாள்.

உன் அக்கா,
லெசியேலி


நுகுஅலோஃபா
ஜூலை 8
(அனுப்பப்படாதது)

அக்கா,

டிஸ்க் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை. இயந்திரத்தைத் திறந்தால் பலகையில் பச்சைப் பூ. உப்பு. அதற்கு நான் பொறுப்பில்லை. கேட்டேன், கொடுக்கவில்லை.

சின்ன டிஸ்கை எடுத்தேன். அதில் ஒரே ஒரு நகல். பிப்ரவரியில், சோதனைக்காக, என் கையால் எடுத்தது. உள்ளே நான் விளையாட்டாக எழுதிய இரண்டு வரிகள். அவ்வளவுதான்.

சனிக்கிழமை அவர் அணைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நகலெடு என்று நான் சொல்லியிருக்கிறேன். அணைந்து கிடக்கிற இயந்திரம் எதை நகலெடுக்கும்?

அணைக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். அதைச் சிரித்துக்கொண்டே உங்களுக்கு எழுதியவன் நான். ஒரு தடவைகூட என் தலைக்குள் இந்த இரண்டும் சந்திக்கவில்லை. வெளிநாட்டுக்காரன் ஒருவன் செய்திருந்தால் கவா குடிக்கிற இடத்தில் வருஷக்கணக்காகச் சிரித்திருப்போம். இந்த ஊரில் பிறந்தவன் ஞாயிற்றுக்கிழமையை மறந்தான்.

"நகல் இருக்குன்னு சொன்னியே?" என்றார் லிசியாதே.

"அதுலயும் உப்பு ஏறிடுச்சு ஐயா."

வாய் தானாகச் சொன்னது. நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

நுகுஅலோஃபா விற்பனைக்காரர்கள் எல்லாரும் புத்தகத்திலும் எழுதியிருக்கிறார்கள். என்னை நம்பாததால். நம்பியவர் அத்தான் ஒருவர்தான். அத்தான் சுற்றுகிற ஹாஆபாய்த் தீவுகளுக்குப் போன சரக்குக்கு மட்டும் எங்கேயும் எழுத்து இல்லை. கணக்கு எழுதுகிற ஃபானே சொன்னாள்: "அந்தச் சாவு வீட்டுல டப்பாப் பெட்டி எவ்ளோ ஒசரம் அடுக்கியிருந்தாங்கன்னு என் சித்தி பாத்தாங்களாம்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் அக்கா புருஷன் அல்லவா.

நான் தரையைப் பார்த்தேன். அவமானத்தில் குனிகிறான் என்று நினைத்திருப்பார்கள். அது உண்மைதான்.


நுகுஅலோஃபா
ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீங்களும் ஓஃபாவும் நலமா? ஜூலைக் குளிர் இந்த வருஷம் கொஞ்சம் அதிகம்.

சர்வரில் ஒரு கோளாறு. உப்புக் காற்று. சரிசெய்துகொண்டிருக்கிறோம். அலுவலகத்திலிருந்து யாராவது வந்து ஏதாவது கேட்டால் பதற வேண்டாம்.

இந்தப் படகில் ஒரு மூட்டை மாவு அனுப்பியிருக்கிறேன். ஓஃபாவுக்கு வண்ணப் பென்சில்.

கெலெபி


உயிஹா
ஆகஸ்ட் 17

அன்புத் தம்பிக்கு,

கடவுள் நம்மைக் கைவிடவில்லை. மாவு வந்தது. நன்றி. உன் உடம்பு எப்படி?

அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பதறவில்லை. கிழங்கு வேகவைத்துக் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டுக் கேட்டார்கள். கடை கடையாகவும் போய்க் கேட்டார்கள். கணக்கு தொலைந்துபோனது என்று படகில் வரும்போதே அவர்களே எல்லாரிடமும் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு யார் வாங்கினேன் என்பார்கள்? விகா, "எனக்கு ஞாபகம் இல்லையே" என்றாள். துடைப்பத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

சைமோனேயை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஃபோனை வாங்கிக்கொண்டார்கள். தகரத்தோடு.

சாவு வீட்டுப் பெட்டிகளைப் பற்றி ஊர் பேசுகிறது. உனக்கு மட்டும் சொல்கிறேன். அம்மா வருஷக்கணக்காக நெய்து எனக்குக் கொடுத்த பெரிய பாயை வவாவுவிலிருந்து வந்த ஒருத்திக்குக் கொடுத்து, அந்தப் பெட்டிகளை வாங்கினேன். அம்மாவின் பாயை விட்டுக்கொடுத்தேன் என்று உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. ஊரிடம் சொல்ல அதைவிட. பெண்டாட்டி பாயை விற்றுத்தான் பெரியப்பாவை அடக்கம் செய்தான் என்று சைமோனே கேட்க வேண்டுமா?

ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. படித்தவன் நீ, சொல். சர்வர் 'வந்தது' என்றது. நானே பார்த்தேன். வந்தது என்றால், அப்புறம் அது எங்கே போயிற்று?

லெசியேலி


நுகுஅலோஃபா
செப்டம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்தான். வேலை அதிகம், அதனால் உடனே எழுத முடியவில்லை. ஓஃபா பள்ளிக்குப் போகிறாளா?

நீங்கள் கேட்டது கொஞ்சம் சிக்கலான விஷயம். வந்தது வேறு, இருப்பது வேறு. வந்ததை ஒரு இடத்தில் எழுதி வைக்கும். எழுதின இடம் கெட்டால் போய்விடும். அதற்கு வேறு சில ஏற்பாடுகள் உண்டு. அவையும் சில சமயம் பலிப்பதில்லை.

அம்மாவின் பாய் பற்றி எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

புதிய இயந்திரம் வாங்கியிருக்கிறோம். இரண்டு டிஸ்க். லிசியாதே எதுவும் சொல்லாமல் பணம் கொடுத்தார். ஓஃபாவுக்கு ஞாயிறு உடைக்கு வெள்ளைத் துணி அனுப்புகிறேன்.

கெலெபி


உயிஹா
செப்டம்பர் 28

கெலெபிக்கு,

துணி வந்தது. அளவு சரியாக இருந்தது.

சைமோனே புதன்கிழமைப் படகில் அங்கே வருகிறார். லிசியாதேயின் வாசலில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்கப் போகிறார்.

நான் கேட்டேன். "செய்யாததுக்கு எதுக்கு உக்காரணும்?"

"செஞ்சவன் எவனும் வந்து உக்காரலையே. யாராவது ஒருத்தன் உக்காந்தாத்தான இது முடியும். ஓஃபாவ பள்ளிக்கூடத்துல டப்பான்னு கூப்புடுறாங்களாம்."

சொல்லிவிட்டுப் படகைப் பார்க்கப் போனார். 

மேலே போர்த்திக்கொள்ளக் கிழிந்த பாய் ஒன்று வேண்டும். எங்களிடம் இருப்பது தேவாலயத்துக்குக் கட்டுகிற நல்ல பாய் மட்டும்தான். அப்பாவின் சாவுக்கு நீ கட்டிய பழைய பாய் உன் பெட்டியில் இருக்கும். அதைக் கொடு. மன்னிப்புக் கேட்கிறவர் கழுத்தில் போடுகிற இஃபி இலையையும் நீயே பறித்து வை. துறைமுகத்தில் அவருக்கு யாரையும் தெரியாது.

உன் கடைசி இரண்டு கடிதங்களையும் திரும்ப எடுத்துப் படித்தேன். என்னை விசாரித்திருக்கிறாய், ஓஃபாவை விசாரித்திருக்கிறாய். சைமோனே நலமா என்று மட்டும் கேட்கவே இல்லை. முன்பெல்லாம் முழங்காலைக்கூட விட்டதில்லை.

அவர் நலம்.

லெசியேலி


நுகுஅலோஃபா
அக்டோபர் 6

அக்கா,

பாயைக் கொடுத்தேன். இலையைப் பறித்து என் கையால் கோத்துக் கழுத்தில் போட்டேன். குனிந்து வாங்கிக்கொண்டார். "நல்லா இறுக்கிக் கட்டியிருக்க மச்சான், ஓடிப்போயிடுவேன்னு பயமா?" என்றார். துறைமுகத்திலிருந்து நடந்து வரும்போதும் சிரித்துப் பேசிக்கொண்டுதான் வந்தார். அது என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

வியாழக்கிழமை காலை வெயில் ஏறுவதற்கு முன்பே லிசியாதேயின் வாசலுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தார். பாயைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டுக் கடந்தார்கள். கிழிசல் வழியாக அவர் முழங்கால் தெரிந்தது. வீங்கியிருந்தது.

நான் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றேன். பிறகு போய் அவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். சொல்லிவிடலாம் என்றுதான் போனேன், அக்கா. லிசியாதே வெளியே வந்ததும் அவர் அத்தானைப் பார்ப்பதற்குள் சொல்லிவிடலாம் என்று வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

அவர் வந்தார். அத்தானின் தோளைப் பிடித்துத் தூக்கினார். லிசியாதேயின் கண் கலங்கியிருந்தது.

"போதும்ப்பா. முடிஞ்சுது. என் வாசல்ல யாரும் வெயில்ல காயக்கூடாது."

அப்புறம் என்னைப் பார்த்தார்.

"நீயும் வந்து கூட உக்காந்தியா? மச்சான் பண்ணதுக்கு நீ தல குனியுற. எத்தன பேரு செய்வான் இத?"

என் தலையில் கை வைத்தார். அத்தான் திரும்பி என்னைப் பார்த்து, "நல்ல பையன் ஐயா" என்றார்.

நான் அத்தானின் பாயை வாங்கி மடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் லிசியாதே எழுந்து, மன்னிப்பைப் பற்றிப் பேசினார். அத்தானின் பெயரைச் சொன்னார், வேலை திரும்பக் கிடைக்கும் என்றார். பிறகு என் பெயரைச் சொன்னார். உதாரணமாக.

அக்கா, நகல் இல்லை. ஒருபோதும் இருந்ததில்லை. ஞாயிறு எடுக்கும்படி வைத்திருந்தேன். ஞாயிறு அவர் அணைத்துவிடுவார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் யோசிக்கவில்லை. பிறகு உப்பு என்று பொய் சொன்னேன். அத்தான் மூன்று மாதமாகச் சுமப்பது என்னுடையது.

அத்தான் நலமா? முழங்காலுக்கு ஏதாவது தடவுகிறாரா?

கெலெபி


நுகுஅலோஃபா
நவம்பர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் பதில் எழுதவில்லை. எழுத வேண்டும் என்றும் இல்லை. மூவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

லிசியாதேயிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் முகம் வெளுத்துப்போனது.

"நான்தான அணைச்சேன்" என்றார். "வாரா வாரம் இந்தக் கையாலதான அணைச்சேன்."

"உங்க தப்பு இல்ல ஐயா."

"வெளிய சொல்லாத. ஓய்வு நாள் அனுசரிச்சதால கெட்டான் மூப்பன்னு ஊரு சொல்லும். நாளைக்கு இன்னொருத்தன் ஞாயித்துக்கெழம கட தொறப்பான். சைமோனேயத்தான் மன்னிச்சாச்சே. அவனுக்கு வேலையும் தரேன்னு சொல்லியாச்சே. இன்னும் என்ன?"

"செய்யாததுக்கு மன்னிச்சிருக்கீங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஞாயித்துக்கெழம மேல பழி போட மாட்டேன் ஐயா" என்றேன். "ஞாயிறு ஓஞ்சது சரி. அத மறந்தவன் நான். அத மட்டும்தான் சொல்லுவேன்."

திங்கட்கிழமை வேலைக்கு வரலாமா என்று கேட்டேன். "அத அப்பறம் பாக்கலாம்" என்றார்.

அடுத்த புதன்கிழமைப் படகில் வருகிறேன். வரவேற்க யாரும் துறைக்கு வர வேண்டாம்.

கெலெபி


உயிஹா
டிசம்பர் 2

அன்புத் தம்பி கெலெபிக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். நாங்கள் சுகம். ஓஃபாவுக்கு ஒரு பல் விழுந்தது.

நீ எழுதிய கடிதத்துக்கு நான் பதில் போடாதது கோபத்தால் இல்லை. எனக்கு முன்பே தெரியும். எப்போது தெரிந்தது என்று கேட்காதே. பாய் கேட்டு எழுதியபோது தெரியும். தெரிந்துதான் உன்னிடம் கேட்டேன். அதை நினைத்தால் இப்போது எனக்கும் வெட்கமாக இருக்கிறது.

நீ பாயும் இலை மாலையுமாக வந்து எங்கள் வேலிக்கு வெளியே உட்கார்ந்த காலையில் நான் வீட்டுக்குள், ஜன்னலுக்குப் பின்னால்தான் இருந்தேன். தோட்டத்துக்குப் போகிறவர்கள், கடைக்குப் போகிறவர்கள் எல்லாரும் நின்றார்கள். யார் கேட்டாலும் நீ ஒரே பதிலைச் சொன்னாய். "கணக்க தொலச்சவன் நான். அத்தான் ஒண்ணையும் எடுக்கல. மறைச்சதும் நான்தான்." குரல் கம்மிப்போன பிறகும் சொன்னாய். சைமோனே பன்றிக்குத் தீனி வைக்க உன்னைத் தாண்டிப் போனார். தண்ணீருக்குப் போனார். திரும்பி வந்தார். உன்னைத் தூக்கவில்லை.

தூக்கிவிடுங்கள் என்று நான் வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் அவர் தட்டமாட்டார். உனக்கும் அது தெரியும். நான் சொல்லவில்லை. தூக்கிவிட்டால் உனக்கு முடிந்துவிடும். எங்களுக்கு அத்தனை சீக்கிரம் முடியவில்லையே. இன்னும் கொஞ்ச நேரம் உட்காரட்டும் என்று நினைத்தேன். உன் கழுத்து வெயிலில் சிவந்ததைப் பார்த்துக்கொண்டே அப்படி நினைத்தேன். உன்னிடம் இதை மறைக்க விருப்பமில்லை.

அப்புறம் நடந்ததுதான் உனக்குத் தெரியுமே.

"எந்திரிடா மச்சான், பன்னி உன் எலையத் திங்குது!"

நீ திரும்பிப் பார்த்தாய். உண்மையாகவே தின்றுகொண்டிருந்தது. முதலில் ஓஃபா சிரித்தாள். அப்புறம் தெரு முழுக்க. சைமோனே உன் கையைப் பிடித்துத் தூக்கியபோது இரண்டு பேருமே சிரித்துக்கொண்டிருந்தீர்கள். இரண்டு பேர் முகமும் நனைந்திருந்தது. அவசரத்தில் நான் கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டேன். உன் முகத்தை நேராகப் பார்த்தேன். வயதாகிவிட்டது உனக்கு.

நீ படகேறின மறுநாள் சாயங்காலம் விகா வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"லெசியேலி, எனக்கு இப்பத்தான் ஞாபகம் வருது. மே மாசம் மாவு எடுத்தேன். டப்பாவும் எடுத்தேன்."

"இப்பத்தான் வருதா?"

"வயசாவுதுல்ல."

அவளுக்கு என்னைவிட வயது குறைவு. சைமோனே எழுதிக்கொண்டார். அவளுக்குப் பிறகு மற்றவர்கள். எல்லாரும் இல்லை. இரண்டு கடைக்காரர்கள் இன்னும் எங்கள் பக்கம் பார்ப்பதில்லை. சாவு வீட்டுப் பெட்டிகள் எங்கிருந்து வந்தன என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் ஓஃபாவை இன்னும் ஒரு பையன் டப்பா என்கிறான். அவள் அவனைக் கடித்துவிட்டாள். பல் விழுந்தது அப்படித்தான்.

லிசியாதேயிடமிருந்து ஆள் வந்தது. திங்கட்கிழமையிலிருந்து திரும்ப விற்பனைக்குப் போகச் சொல்லி, ஒரு புது ஃபோனோடு. சைமோனே அதை மேசைமேல் வைத்திருக்கிறார். போவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. உனக்கு அங்கே வேலை இருக்கிறதா இல்லையா என்று மட்டும் எழுது.

கடிதத்தில் என்ன எழுதட்டும் என்று அவரிடம் கேட்டேன். வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அடுத்த தடவ வந்தா வேலிக்கு உள்ள வந்து உக்காரச் சொல்லு."

உன் அக்கா,
லெசியேலி